சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு பார்க் இருந்தது

சென்னையில் பார்க் ஸ்டேஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதை ஒட்டி, பறக்கும் ரயில் பாதையில் பார்க் டவுன். தாம்பரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தினமும் அங்கே இறங்கி, சுரங்கப்பாதையில் இடித்துப் பிடித்துக்கொண்டு சென்ட்ரலுக்கு ஓடுகிறார்கள். எந்தப் பார்க்கின் பெயர் இது என்று யாரும் நின்று கேட்பதில்லை. கேட்டாலும் சட்டென்று கைகாட்ட அங்கே எதுவும் இல்லை. ஒரு பக்கம் ஜெனரல் ஆஸ்பத்திரி, எதிர்ப்பக்கம் சென்ட்ரல், நடுவில் பூந்தமல்லி நெடுஞ்சாலை, அதன் மேல் எந்நேரமும் பஸ்கள்.

அந்தப் பார்க்கின் முழுப்பெயர் பீப்பிள்ஸ் பார்க். 116 ஏக்கர். இன்றைய செம்மொழிப் பூங்கா 20 ஏக்கர்தான். அதைப்போல ஐந்தாறு பூங்காக்களைச் சேர்த்துப் போட்டால் வருகிற பரப்பு, நகரத்தின் நட்டநடுவில். அதற்குள் 11 குளங்கள், வண்டி ஓட்டிப்போகச் சாலைகள், பேண்டு வாசிக்க மேடை, டென்னிஸ் மைதானம், பிற்பாடு ஒரு மிருகக்காட்சி சாலை. இதையெல்லாம் எங்கேயோ படித்துவிட்டு, சரி, மிச்சம் என்ன இருக்கிறது என்று ஒருமுறை நடந்தே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மாமாவையும் கூப்பிட்டேன். அம்மாவின் அண்ணன். பக்கத்திலேயே இருக்கிற சூளை என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவர், எழுபதைத் தாண்டிவிட்டார், முழங்கால் வலி உண்டு. ஆனால் அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

பூங்காவை உண்டாக்கியவர் சார்லஸ் டிரெவெலியன். 1859-ல் மதராஸ் கவர்னராக வந்து, 1860-லேயே திருப்பி அழைக்கப்பட்டவர். வருமான வரி உள்ளிட்ட புதிய வரிகள் வேண்டாம் என்று வெளிப்படையாக எதிர்த்ததுதான் காரணம். இவர் ஒரு விசித்திரமான ஆள். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது லண்டனில் நிவாரணப் பொறுப்பில் இருந்தவர் இவர்தான். அங்கே இன்றைக்கும் இவர் பெயரைச் சொன்னால் திட்டுவார்கள். இங்கே வந்து, இருந்த ஒன்றேகால் வருடத்துக்குள், ஜனங்கள் மூச்சுவிட ஒரு பூங்கா வேண்டும் என்று இடத்தை ஒதுக்கினார். அன்றைய கறுப்பர் நகரம், அதாவது இப்போதைய ஜார்ஜ் டவுன், சந்துக்குச் சந்து வீடுகள் நெருக்கிக் கிடந்த ஊர். அதைச் சுற்றியிருந்த மதிலுக்கு மேற்கே, வெளியே, நிலம் திறந்து கிடந்தது. வால்டாக்ஸ் ரோடு அந்த மதிலின் நினைவாக இன்னும் இருக்கிறது. மதில் போய்விட்டது. மதிலுக்கு வெளியே இருந்த பூங்காவும் போய்விட்டது.

நாங்கள் சென்ட்ரல் வாசலிலிருந்து மேற்கே நடந்தோம். கிழக்கிலிருந்து மேற்காக வரிசை இப்படி இருக்கும்: சென்ட்ரலின் சிவப்புக் கட்டடம், புறநகர் ரயில்கள் புறப்படும் மூர் மார்க்கெட் வளாகம், விக்டோரியா பப்ளிக் ஹால், அப்புறம் வெள்ளைவெளேரென்று ரிப்பன் மாளிகை. இவற்றுக்குப் பின்னால் அல்லிக்குளம் வளாகம், நேரு ஸ்டேடியம், அதற்கும் அந்தப்புறம் மை லேடீஸ் பூங்கா. சென்ட்ரலுக்கு மேற்கே நான் சொன்ன ஒவ்வொன்றும் பழைய பார்க்கின் மண்ணில் எழுந்ததுதான். யாரோ ரவுடிகள் வேலி போட்டு ஆக்கிரமித்த கதை இல்லை இது. ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் இருந்தது, கையெழுத்துப் போட ஒரு பெரிய மனிதர் இருந்தார், அடிக்கல் நாட்டு விழாவில் கைதட்ட ஊரே இருந்தது.

முதலில் விக்டோரியா பப்ளிக் ஹால். டவுன் ஹால் என்றுதான் அந்தக் காலத்தில் சொல்வார்கள். ஊருக்கு ஒரு பொது அரங்கு வேண்டும் என்று பணக்காரர்கள் சேர்ந்து பணம் திரட்டினார்கள். 1883-ல் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். ராபர்ட் சிஷோம் வரைந்த வடிவம், நம்பெருமாள் செட்டியார் கட்டினார். பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு நிலம், 99 வருடக் குத்தகை, கிரவுண்டுக்கு வாடகை எட்டணா. எட்டணாவுக்குக் கிரவுண்டு என்று கேட்டதும் மாமா நடுரோட்டில் நின்றுவிட்டார். "இப்போ அந்த எட்டணாவே கிடைக்காதுடா" என்றார்.

அந்த ஹால் வீண் போகவில்லை. 1897-ல் விவேகானந்தர் அங்கே பேசினார். மதராஸில் முதன்முதலாகப் படம் ஓட்டிக் காட்டிய இடங்களில் அதன் பெயர் தவறாமல் வரும். சுகுண விலாச சபையின் நாடகங்கள் அங்கே நடந்தன. நீதிக்கட்சியின் பிறப்பை 1916 நவம்பரில் அங்கே நடந்த கூட்டத்திலிருந்துதான் கணக்கிடுவார்கள். இப்படிப்பட்ட ஒரு கட்டடத்தைப் பார்த்து, "நீ மரங்கள் இருந்த இடத்தில் நிற்கிறாய்" என்று யார் சொல்வது? எனக்கும் மனம் வரவில்லை. மூன்று ஏக்கர்தானே என்றுதான் தோன்றியது. அன்றைக்கு அதற்கு ஒப்புதல் கொடுத்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அடுத்து மூர் மார்க்கெட். இதில் மாமா என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். பிராட்வே பக்கத்தில் பாபம் மார்க்கெட் என்று ஒரு சந்தை நெரிசலும் அழுக்குமாகக் கிடந்ததால், அங்கிருந்த வியாபாரிகளுக்கு ஒழுங்கான இடம் கொடுக்க வேண்டும் என்று மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் முனைந்தார். 1900-ல் கட்டி முடித்தார்கள். கட்டியவர் ஏ. சுப்பிரமணிய ஐயர். சிவப்புச் செங்கல், நடுவில் முற்றம், சுற்றிலும் கடைகள். அப்பா அம்மாவைத் தவிர மற்றதெல்லாம் மூர் மார்க்கெட்டில் வாங்கலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மாமாவும் அதையே சொன்னார். கூடவே, "திருட்டுப்போன செருப்பைத் திரும்ப நாமளே காசு குடுத்து வாங்கிக்கலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடப் புத்தகம், கிராமபோன் தட்டு, புறா, லவ் பேர்ட்ஸ், பித்தளைச் சாமான், வெள்ளைக்காரன் விட்டுப்போன நாற்காலி. அவர் சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

1985 மே 30-ஆம் தேதி அது எரிந்தது. ரயில்வேக்குப் புதிய நிலையம் கட்ட அந்த இடம் வேண்டும் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்ததால், தீயைப் பற்றி அன்றிலிருந்து இன்றுவரை ஆளுக்கொரு கதை. அந்தக் கதைகளுக்குள் நான் போகவில்லை. இப்போது அங்கே புறநகர் ரயில் நிலையமும் முன்பதிவு செய்யும் உயரமான கட்டடமும் நிற்கின்றன. வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு அருகே பழைய மார்க்கெட்டைச் சின்னதாக ஒரு பொம்மைக் கட்டடம் போலச் செய்து வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி ஸ்கூட்டர்கள். மாமா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "கொலு பொம்மை மாதிரி இருக்கு" என்றார். நியாயமாகப் பார்த்தால் அந்தச் சின்ன மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இன்னும் சின்னதாக ஒரு பூங்காவையும் செய்து வைத்திருக்க வேண்டும்.

எரிந்த மார்க்கெட்டின் வியாபாரிகளுக்கு எங்கே இடம் கொடுத்தார்கள் என்பதுதான் இந்த மொத்தக் கதையிலும் என்னை அசைத்த விஷயம். அல்லிக்குளத்தில். பெயர் சொல்கிறபடியே அது ஒரு குளம், பூங்காவின் குளங்களில் ஒன்று. அதன் மேல் வணிக வளாகம் எழும்பியது. பூங்காவில் ஒரு துண்டைச் சந்தை வாங்கிக்கொண்டது என்றால், அந்தச் சந்தையின் மிச்சம் பூங்காவின் குளத்தில் போய் உட்கார்ந்தது. பிற்பாடு அந்த வளாகத்தில் நீதிமன்றங்களும் வந்தன. அல்லிக்குளம் மகளிர் நீதிமன்றம் என்று பேப்பரில் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இனி தண்ணீரும் இலைகளும்தான் நினைவுக்கு வரும். அல்லிக்குளத்தில் இப்போது தண்ணீர் கிடைக்கும், பாட்டில் இருபது ரூபாய்.

வளாகத்துக்குள் பழைய புத்தகக் கடைகள் இன்னும் இருக்கின்றன. முன்போல் கூட்டம் இல்லை என்று போகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் இஞ்சினியரிங் பாடப்புத்தகங்களும்தான் முன்வரிசையில். நாங்கள் நுழைந்த கடையில் அடுக்குகள் கூரை வரை போய், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் மட்டுமே நிற்கலாம் என்ற அளவுக்கு வழி. கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் என்று தலையைத் திருப்பாமலே சொன்னார். மாமா பழைய வார இதழ்களின் பைண்டு வால்யூம் ஒன்றைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அதைத் தொடாமல், பக்கத்தில் இருந்த ஒரு டிக்‌ஷனரியை எடுத்து விலை கேட்டார். "இருநூறு." "அம்மாடி." கீழே வைத்தார். ஒரு சமையல் புத்தகத்தின் விலை கேட்டார். அதையும் வைத்தார். அப்புறம் கிளம்புகிற மாதிரி திரும்பி, "இது என்னமோ கிழிஞ்சு கிடக்கே, இது எவ்ளோ?" என்று பைண்டு வால்யூமைக் காட்டினார். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"ஐயா, நீங்க அங்கே மார்க்கெட்டுக்கு வந்த ஆளுதானே?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"இப்போ வர்ற புள்ளைங்க நேரா வேண்டியதைத்தான் கேட்கும். போன்ல விலையைப் பார்த்துட்டு வந்து கேட்கும். இந்த மாதிரி சுத்தி வர்றது அந்தக் காலத்து ஆளுங்கதான்."

அவருடைய அப்பா பழைய மார்க்கெட்டில் கடை வைத்திருந்தாராம். அவர் அப்போது பள்ளிக்கூடம் போகிற பையன். தீப்பிடித்த மறுநாள் காலையில் அப்பாவோடு போய்ப் பார்த்தபோது சாம்பலில் பக்கங்கள் பக்கங்களாகவே அடுக்கி இருந்தன, தொட்டால்தான் உதிர்ந்தன என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மாமாவுக்கு வால்யூமை 350 ரூபாய்க்குக் கொடுத்தார். வெளியே வந்ததும் மாமா, "இன்னும் அம்பது குறைச்சிருக்கலாம்" என்றார், ஆனால் முகத்தில் வருத்தமே இல்லை.

ரிப்பன் மாளிகையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. 1909-ல் மின்டோ பிரபு அடிக்கல் நாட்டி, 1913-ல் திறந்தார்கள். லோகநாத முதலியார் கட்டினார், ஏழரை லட்சம் ரூபாய் செலவு என்பது கணக்கு. இரவில் விளக்குப் போட்டால் அழகு, கடிகார மணி அடித்தால் அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஹாலையும் சந்தையையும் கட்டியபோது பூங்காவைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பில் இருந்தது மாநகராட்சி. காவல்காரரே வீட்டுக்குள் கட்டில் போட்டுப் படுத்துவிட்டால் வெளியாளிடம் எந்த முகத்தோடு பேசுவது? தலைமை அலுவலகத்தையே பூங்காவுக்குள் கட்டிக்கொண்டவர்களால், அதற்குப் பிறகு வந்து கேட்டவர்களிடம் "இது பூங்கா நிலம், கிடையாது" என்று சொல்லியிருக்க முடியாது. விக்டோரியா ஹாலை மன்னித்துவிடலாம், மூர் மார்க்கெட்டுக்காக வாதாடவே செய்யலாம். ரிப்பன் மாளிகை வேறு எங்காவது கட்டப்பட்டிருக்க வேண்டும். அன்றைய மதராஸில் இடத்துக்கா பஞ்சம்?

ஸ்டேடியம் விஷயத்தில் மாமாவுக்கும் எனக்கும் சண்டையே வந்தது. நேரு ஸ்டேடியம் இருக்கிற இடத்தில் முன்பு கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. 1956-லிருந்து 1965 வரை மதராஸின் டெஸ்ட் மேட்ச்கள் அங்கேதான், சேப்பாக்கத்தில் இல்லை. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இந்த மண்ணில்தான். மன்கட் 231, ராய் 173. 2008-ல் சிட்டகாங்கில் இரண்டு தென்னாப்பிரிக்கர்கள் 415 அடிக்கும்வரை, 52 வருடம் அது உலக சாதனையாக இருந்தது. தாத்தா அந்த மேட்சைப் பார்த்தாராம். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போய், முதல் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழாததில் கடுப்பாகிவிட்டார் என்று மாமா சொல்லிச் சிரித்தார்.

"பார்க்கைத்தானே கெடுத்தாங்க மாமா?" என்றேன்.

"விளையாடறதுக்குத்தானே பார்க்? பத்தாயிரம் பேரு உட்கார்ந்து பார்த்தா அது பார்க் இல்லாம என்ன?"

"டிக்கெட் வாங்கி உட்கார்ற இடம் பார்க் ஆகுமா?"

இதற்கு அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை. இப்போதைய ஸ்டேடியம் பழசை இடித்துவிட்டு 1993-ல் கட்டியது. அதன் மதில் ஓரமாகப் பெரியமேடு பக்கம் போனால் வரிசையாக விளையாட்டுச் சாமான் கடைகள். கேரம் போர்டு, ஜெர்சி, கோப்பைகள். வெற்றிக் கோப்பை வாங்க வேண்டுமென்றால் மாவட்டங்களிலிருந்துகூட இங்கே வருகிறார்கள். அந்தக் கடைகளுக்கு ஸ்டேடியம்தான் சோறு போடுகிறது, அதையும் மறுக்க முடியாது.

மிருகக்காட்சி சாலையை மட்டும் யாரும் பிடுங்கவில்லை, அது தானாகவே கிளம்பிப் போனது. எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் எழும்பூர் மியூசியத்தில் ஆரம்பித்து, சில வருடங்களில் இந்தப் பூங்காவுக்கு மாற்றிய மிருகங்கள் அவை. மதராஸ் ஜனங்களுக்கு மியூசியம் செத்த காலேஜ், இது உயிர் காலேஜ். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் இரண்டையும் காட்டியாக வேண்டும். மாமா சின்னப் பையனாக இருந்தபோது, ராத்திரியில் சிங்கம் கத்துவது சூளை வரை கேட்கும் என்றார். சூளைக்கு அது கேட்டிருக்குமா என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேட்டிருக்கலாம், அந்தக் காலத்துச் சத்தமில்லாத ராத்திரியில். அவருக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது வாடை. குரங்குக் கூண்டுப் பக்கம் அவருடைய அம்மா மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வாராம். கூண்டுகள் சின்னவை, சுற்றி ரயில் சத்தம், பஸ் புகை. 1985-ல் வண்டலூரில் ஆயிரத்து இருநூறு ஏக்கருக்கு மேல் இடம் கொடுத்து மாற்றியது விலங்குகளுக்கு நல்லதுதான். ஆனால் அவை காலி செய்த இடம் பூங்காவாகத் திரும்பி வரவில்லை. அதே வருடம் மே மாதம்தான் மூர் மார்க்கெட்டும் எரிந்தது. ஒரே வருடத்தில் சிங்கமும் போச்சு, புத்தகக் கடையும் போச்சு என்பது மாமாவின் கணக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பூங்கா எப்போதும் சொர்க்கமாக இருந்ததாக நினைக்க வேண்டாம். வருடக் கடைசியில் அங்கே பெரிய பொருட்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கூட்டத்தில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். ஒரு புத்தாண்டை எதிர்பார்த்து வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்கள். ஊரே கூடுகிற இடத்தில் ஊரின் துக்கமும் நடந்திருக்கிறது.

கடைசியாக மை லேடீஸ் பூங்கா. ராஜா முத்தையா சாலையில், ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில். 116 ஏக்கரில் இன்று பூங்கா என்று சொல்லிக்கொண்டு மிஞ்சியிருப்பது இதுதான். ஒரு காலத்தில் இங்கே நடந்த மலர்க் கண்காட்சி பேர் பெற்றது. இப்போது நடைபாதை, பெஞ்சுகள், பெரிய மரங்கள், மாநகராட்சி நீச்சல் குளம். நாங்கள் போனபோது குளத்துப் பக்கமிருந்து பையன்கள் தண்ணீரில் தொப்பென்று குதிக்கிற சத்தமும், பயிற்சியாளரின் விசில் சத்தமும் விடாமல் வந்துகொண்டிருந்தன. இரண்டு பெஞ்சில் ஆட்கள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். ஒரு பெண், மடியில் தேர்வுக் கையேட்டை வைத்துக்கொண்டு உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். எந்தப் பெரிய கட்டடமும் அந்த மர நிழலுக்குள் இருந்து பார்த்தால் தெரியவில்லை. சத்தம் மட்டும் தெரிந்தது.

மாமா முழங்காலைத் தடவியபடி உட்கார்ந்ததும், பக்கத்து பெஞ்சுக்காரர் பேச்சுக் கொடுத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த வண்டி?"

மாமாவுக்குப் புரியவில்லை.

"இல்ல, எந்த ரயிலுக்கு வெயிட் பண்றீங்க?"

அவர் வடக்கே போகிற ரயிலுக்குக் காத்திருந்தார். ராத்திரிதான் வண்டி. ஸ்டேஷனில் உட்கார இடமில்லை, லாட்ஜுக்குக் காசு கொடுக்க மனமில்லை, பையைத் தலைக்கு வைத்துப் படுக்க ஒரு மரத்தடி போதும் என்று விசாரித்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். நாங்கள் உள்ளூர்க்காரர்கள், சும்மா பார்க்கைப் பார்க்க வந்தோம் என்றதும் எங்களை நம்பாத மாதிரி பார்த்தார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. டிரெவெலியன் பூங்கா போட்டபோது சென்ட்ரல் ஸ்டேஷனே இல்லை, அது 1873-ல்தான் வந்தது. ஆனால் நகரத்து நடுவில் ஒரு பூங்கா எதற்கு என்று யாராவது கேட்டால், இந்த மனிதரைக் காட்டினால் போதும். காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல், ஆறு மணி நேரம் உட்கார ஒரு இடம். ஹாலும் மார்க்கெட்டும் ஆபீசும் ஸ்டேடியமும் இதைத் தராது. எல்லா இடத்திலும் ஒரு வாட்ச்மேன் வந்து "என்ன வேணும்?" என்று கேட்பார்.

மற்ற ஊர்களிலும் இதே வியாதி உண்டு. பெங்களூரின் கப்பன் பார்க் 1870-ல் உண்டானது. அதற்குள்ளும் நூலகம், மியூசியம் என்று நிறைய முளைத்தன. ஆனால் 1975-ல் கர்நாடகத்தில் பூங்காக்களைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். 1998-ல் கப்பன் பார்க்கின் ஒரு பகுதியை அரசு அந்தப் பாதுகாப்பிலிருந்து விடுவிக்கப் பார்த்தபோது ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கையில் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம் இருந்தது. இங்கேயும் 1959-ல் பூங்காக்களைக் காக்க ஒரு சட்டம் போட்டார்கள், ஆனாலும் நல்ல காரணங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. கடைசியாக வந்த நல்ல காரணம் மெட்ரோ. 2018-லிருந்து சென்ட்ரலில் மெட்ரோ ஓடுகிறது. அதில் தினமும் போகிற நான் அதைக் குறை சொன்னால் எடுபடாது. இந்தப் பட்டியலில் என்னால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியாதது ஒன்றே ஒன்று: வண்டி நிறுத்தும் இடங்கள். ரிப்பன் மாளிகையைச் சுற்றியும் ஸ்டேடியத்தைச் சுற்றியும் எவ்வளவு நிலம் வெறும் கார் நிற்பதற்காகத் தார் போட்டுக் கிடக்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். அதில் கால்வாசியில் மரம் வைத்தாலே பூங்காவின் ஒரு துண்டு திரும்பி வந்துவிடும்.

திரும்பி வரும்போது மாமாவிடம் கிண்டி விஷயத்தைச் சொன்னேன். 2024-ல் ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டு, அதில் 118 ஏக்கரைப் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்தது. போனது 116, வருவது 118, கணக்குக்கு இரண்டு ஏக்கர் லாபம். மாமா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

"அதுக்குள்ள என்ன கட்டப்போறாங்களாம்?"

"ஒண்ணும் கட்டலை மாமா. பார்க்குன்னுதான் சொல்லியிருக்காங்க."

"இதையும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

அவருக்குப் பதில் சொல்ல, அந்தப் பூங்காவுக்கென்றே கறாரான ஒரு சட்டம் இருந்தால் நன்றாயிருக்கும். பெரிதாக எதுவும் வேண்டாம், ஒரே பக்கம் போதும்: இந்த எல்லைக்குள் ஆஸ்பத்திரி, அருங்காட்சியகம், நினைவு மண்டபம், அலுவலகம், எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும் எதுவும் கட்டக்கூடாது. முதல் செடி நடுவதற்கு முன்னாலேயே அதைப் போட்டுவிட வேண்டும். செடி நட்டபிறகு போட்டால், அதற்குள் யாராவது அடிக்கல்லோடு வந்து நின்றுவிடுவார்கள்.